அது உங்கள் கை, அண்ணா

குடும்பக் குழு, பிப்ரவரி 2

பாலக்கோடு பெரியப்பா, 6:12
காலை வணக்கம்.
அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.
எப்பேர்ப்பட்ட பாவியையும் மன்னித்துவிடுங்கள். மனசு லேசாகும்.

ஓசூர் தம்பி, 6:40
🙏🙏

தர்மபுரி அத்தை, 7:05
அண்ணா, இன்றைக்குப் போய் இதையா அனுப்புவீர்கள்? தேதியைப் பாருங்கள்.
2000-இல் நாங்கள் இலக்கியம்பட்டியில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டிருந்தேன். எடுக்கப் போனால் ஒரே கரும்புகை. டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்து, புகை படக்கூடாதே என்று வடகத்தைத்தான் முதலில் அள்ளினேன். எரிவது பஸ் என்று அப்புறம்தான் தெரிந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், கல்விச் சுற்றுலா வந்தவர்கள். மூன்று பெண்கள் கருகிப் போனார்கள். அதற்கப்புறம் நான் வடகமே போடவில்லை.

பாலக்கோடு பெரியப்பா, 7:21
கொடுமைதான் அம்மா. ஆனால் பஸ்ஸுக்குத் தீ வைத்த அந்த மூன்று பேரும் தூக்குவரைக்கும் போய் வந்தவர்கள். இன்னும் கோபத்தைச் சுமந்து என்ன செய்வது?

நான், 7:30
2007-இல் தூக்கு. 2010-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016-இல் அதே நீதிமன்றம், கூட்ட வெறியில் நடந்தது என்று ஆயுளாகக் குறைத்தது. அது சரிதான் பெரியப்பா, எனக்கும் தூக்கு வேண்டாம். ஆனால் 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி விடுதலை செய்தார்களே, அந்த நூற்றாண்டுக்கும் செத்துப்போன பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்?

பாலக்கோடு பெரியப்பா, 7:44
வரப்புத் தகராறில் என் கையை உடைத்தவனை நான் மன்னித்தேன். அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. அதை வைத்துச் சொன்னேன்.

தர்மபுரி அத்தை, 7:46
அது உங்கள் கை, அண்ணா.
குறளிலும் 'தம்மை இகழ்வார்' என்றுதானே இருக்கிறது? எரிந்தவளுக்குப் பதிலாக நான் எப்படிப் பொறுப்பது? அரசாங்கம் எப்படிப் பொறுக்கும்? சட்டம் இடம் கொடுத்தால் சிறைக் கதவைத் திறந்துவிடட்டும். அதை மன்னிப்பு என்று சொல்லாதீர்கள்.

அரூர் மாமா, 8:10
உயிரோடு இருப்பவர்களிடமே யார் கேட்டார்கள் மச்சான்? எங்கள் பக்கத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் போனார்கள். ஊரையே ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்... எழுதக் கை வரவில்லை. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மற்றவர்கள் அப்பீல் போனார்கள். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 31 வருஷம்!
செய்யவே இல்லை என்று வாதாடுகிறவனை அந்தப் பெண் எதற்காக மன்னிப்பாள்? செய்தேன் என்று அவன் சொன்னால்தானே பேச்சே ஆரம்பிக்கும்?

பாலக்கோடு பெரியப்பா, 8:25
நிஜமாகவே திருந்தி வந்து காலில் விழுந்தால்?

அரூர் மாமா, 8:27
விழட்டும். அப்போதும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். முடியாது என்றால் முடியாதுதான். நீங்களோ நானோ போய் அவர்களுக்குப் பொறுமை சொல்லித்தர முடியாது.

பாலக்கோடு பெரியப்பா, 9:02
தங்கச்சி, அந்த வடகம் விஷயம் எனக்குத் தெரியாதே.

தர்மபுரி அத்தை, 9:05
யாரிடமும் சொன்னதில்லை அண்ணா. சாப்பிட்டீர்களா?