பேஸ் ஆம்ப் ஒலிக்குணங்கள்: ஆறு சொற்கள் வேண்டும், வெள்ளிக்குள்

நாலுதந்தி:

குழுமத்தாருக்கு வணக்கம். கட்டற்ற மென்பொருள் ஒன்றில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரின் ஆம்ப் (ஒலிபெருக்கி) பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குமிழ்களின் பெயரெல்லாம் முடிந்தது. ஒலியின் குணத்தைச் சொல்லும் ஆறு சொற்களில் மாட்டிக்கொண்டேன்: வார்ம் (warm), டைட் (tight), பஞ்சி (punchy), பூமி (boomy), மட்டி (muddy), கிரவுல் (growl). தமிழெழுத்தில் அப்படியே எழுதினால் ஒன்று மண்ணுலகமாகிறது, இன்னொன்று வசவாகிறது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திரையில் தெரியும் சொற்களில் கைவைக்க முடியாது. பொத்தானும் சிறியது, ஏழெட்டு எழுத்தைத் தாண்டினால் வெட்டுப்படும்.

என் வரைவு: வெதுவெதுப்பு, இறுக்கம், குத்து, கும், கலங்கல், உறுமல்.

வேர்ச்சொல்:

முதலில் பேஸ் என்பதையே விட்டுவைத்திருக்கிறீர்களே! மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களை (சுர நிலைகளை) நம் இசைநூல்கள் வகுத்திருக்கின்றன. கீழ்த்தானம் மெலிவு. 'மெலிவுக் கிதார்' என்று எழுதுங்கள். பிறகு ஆறுக்கு வருவோம்.

ஒலிமேடை:

ஐயா, ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப் 1969இல் வந்தது. 300 வாட், கூடவே பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய பெட்டி. அதற்கு முன்னால் நின்று மெலிவு என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இந்த ஆறும் ஒரே சாதி அல்ல. பூமியும் மட்டியும் அலைவெண் (ஃபிரீக்வென்சி) சங்கதி. நாலு தந்தி பேஸின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸை ஒட்டி அறையின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் சில சுரங்கள் மட்டும் பூதாகரமாக வீங்கும், அது பூமி. 200 முதல் 400 வரை டிரம்ஸ், கிதார், பியானோவின் இடக்கை எல்லாம் வந்து நெருக்குகிற இடம். அங்கே பேஸும் தடித்தால் என்ன சுரம் வாசிக்கிறார் என்றே தெரியாது. அது மட்டி.

பஞ்சியும் டைட்டும் நேரக் கணக்கு. விரல் தந்தியை விட்டதும் ஒலி எவ்வளவு வேகமாக எழுகிறது என்பது முன்னது. விரலை வைத்து அமுக்கியதும் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது பின்னது. எஸ்.வி.டி. பெட்டி காற்றுப்போகாமல் அடைத்த பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பீக்கர் கூம்பை இழுத்துப் பிடிக்கும், அதனால் சட்டென்று நிற்கும்.

கிரவுல் என்பது ஆம்பின் வால்வை (வெற்றிடக் குழாயை) கொஞ்சம் முடுக்கினால் வரும் திரிபு (டிஸ்டார்ஷன்). 800 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிட்டால் இன்னும் கடிக்கும். வார்ம் என்பது மேல் அலைவெண்கள் மழுங்கி, மெல்லிய திரிபும் சேர்ந்தது. கடைக்காரர் மட்டும் எல்லா ஆம்பையும் வார்ம் என்பார்.

பழஞ்சுவடி:

ஒலிமேடைக்கு நன்றி. இப்போதுதான் விளங்குகிறது. உறுமலுக்குப் பதில் 'சிலைப்பு' என்று முன்மொழிகிறேன். துவைத்தலும் சிலைத்தலும் இயம்பலும் இரங்கலும் இசைப்பொருளன, அதாவது ஓசையைக் குறிப்பன, என்பது தொல்காப்பிய உரியியல். புலி சிலைக்கும், வில்லும் சிலைக்கும். நாணும் தந்தி, கிதாரும் தந்தி. பொருத்தம் தானாக அமைகிறது.

இன்னொன்றும் உண்டு. கரடி கத்துவது போன்ற ஓசை உடையதால் ஒரு தோற்கருவிக்குக் கரடிகை என்று பெயர் வந்ததாக அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில் விளக்குகிறார். சல்லென்ற ஓசையால் சல்லிகை. கருவியின் குணத்தை ஓசையாலேயே சொல்வது நமக்குப் புதிதல்ல. 'கரடிகம்' என்றுகூட வைக்கலாம்.

நாலுதந்தி:

ஐயா, கரடிகம் என்று பொத்தானில் போட்டால் கரடிதான் வரும் என்று நினைப்பார்கள். உறுமி மேளம் கேட்காத ஊர் உண்டா? வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வருகிற அதே அரைகுறைக் கரகரப்புதான் இது. உறுமல் இருக்கட்டும்.

வேர்ச்சொல்:

உறுமலுக்கு உடன்படுகிறேன், தமிழ்ச்சொல்தான். ஆனால் வெதுவெதுப்பைக் கண்டிக்கிறேன். வெம்மையைப் புகழ்வது குளிர்நாட்டான் வழக்கம். நமக்கு நல்லதெல்லாம் தண்மை: தண்டமிழ், தண்ணளி, தண்ணிழல். தோற்கருவிக்கே தண்ணுமை என்று பெயர். வார்ம் என்பதற்குத் 'தண்மை' என்றே வைக்க வேண்டும்.

பழஞ்சுவடி:

தண்ணுமையில் இருப்பது குளிர்ச்சியா, தண் தண் என்ற ஓசையா என்று முதலில் நிறுவுங்கள்.

ஒலிமேடை:

அய்யோ. கோல்டு என்றும் ஒரு குணம் இருக்கிறது, உயிரில்லாமல் வறண்ட ஒலிக்குச் சொல்வது. வார்முக்குத் தண்மை என்றால் அதற்கு வெம்மையா? வால்வு ஆம்பின் முதுகைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் தண்மை என்று சொல்லமாட்டார்.

பாட்டுக்காரர்கள் 'குரல் கனிந்திருக்கிறது' என்பார்களே, அதுதான் இது. கனிவு. டைட்டுக்கும் இறுக்கம் வேண்டாம். இறுக்கம் என்றால் காற்றே இல்லாத புழுக்கம், இல்லையென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. கச்சிதம் என்றால் எந்தப் பையனுக்கும் புரியும்.

பெரிய சிக்கல் 'கும்'. பூமி என்பது குறைசொல்லும் சொல். நம் ஊரில் 'கும்முனு இருக்கு' என்றால் பாராட்டு. அந்தப் பெயரைப் போட்டால் எல்லோரும் அந்தக் குமிழைத்தான் முழுக்கத் திருப்புவார்கள்.

ஏரிக்கரை:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. கலங்கல் என்றால் எங்கள் பக்கம் ஏரியின் உபரிநீர் வழியும் இடம். 'கலங்கல் போகிறது' என்றால் ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே போய்ப் பார்க்கும். மங்கலமான சொல். அதைக் குறைக்கு வைக்கலாமா? கலிங்கு என்பதுதான் மூலமா, கலங்கல் மூலமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பழஞ்சுவடி:

அருமையான கேள்வி. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், பத்து நாள் பேசலாம்.

நாலுதந்தி:

பத்து நாள் எனக்கில்லை. நாளை காலை அனுப்பிவிடுகிறேன்: கனிவு, கச்சிதம், குத்து, குமுறல், கலங்கல், உறுமல். பூமிக்குக் குமுறல் முழுத் திருப்தி இல்லை, மனக்குமுறலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனாலும் மேகம் குமுறுவது போலப் பரவி நிற்கும் ஒலி என்று எடுத்துக்கொள்ளலாம். குத்து என்றதும் குத்துப்பாட்டுத்தான் நினைவுக்கு வரும். வரட்டும், அங்கேயும் பேஸ்தான் வேலை செய்கிறது. பேஸ் பேஸாகவே இருக்கும்.

ஒலிமேடை:

ஆறுக்கும் சரி. தூங்கப் போகிறேன்.

ஏரிக்கரை:

கலங்கல் தவிர மற்றவற்றுக்குச் சரி.

வேர்ச்சொல்:

பெரும்பான்மை அயர்ச்சியால் வந்தது, ஆய்வால் அல்ல. பேஸை விட்டுவைத்ததற்கும் தண்மையைத் தள்ளியதற்கும் என் மறுப்பைக் குழும ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் எக்கோ, ரிவெர்ப் வருமாமே? 'எதிரொலி' என்று அவசரப்பட்டு எதற்கும் போட்டுவிடாதீர்கள். அதற்கு என்னிடம் பதினோரு பக்கக் குறிப்பு இருக்கிறது.