இழை: ஃபிரையரிக்குத் தமிழ் என்ன?

க.:
அன்பர்களே, வெள்ளிக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். இத்தாலியில் செசேனா நகரின் மலடெஸ்டியானா நூலகம் பற்றியது. நகரை ஆண்ட மலடெஸ்டா நொவெல்லோ செலவை ஏற்க, பிரான்சிஸ்கன் துறவிகளின் வளாகத்திலேயே 1452இல் கட்டி முடித்து, 1454இல் திறந்தார்கள். மூலத்தில் துறவியர் உறைவிடத்துக்கு மொனாஸ்டரி, ஃபிரையரி என இரண்டு சொற்களும் வருகின்றன. முன்னதற்கு மடாலயம் போட்டுவிட்டேன். பின்னதற்கு?

செ.:
ஃபிரையர் ஊருக்குள் போய்ப் போதிப்பவர், இரந்துண்பவர். ஆகவே 'இரவலர் பள்ளி'. சமணத் துறவியர் உறைவிடத்துக்குப் பள்ளி என்பது கல்வெட்டு வழக்கு. படிக்கும் இடத்துக்கும் அதே பெயர். நூலகத்தோடு கூடிய உறைவிடத்துக்கு வேறென்ன வேண்டும்?

மு.:
ஐயா, பள்ளி என்றால் இன்று யூனிபார்ம்தான் நினைவுக்கு வரும். இரவலர் என்றால் பாணரும் பொருநரும். யாழோடு நூலகத்துக்குள் வந்துவிடப் போகிறார்கள்!

செ.:
வரட்டுமே. புரவலன் தர வாங்கியவர்கள்தானே இவர்களும்?

மு.:
முழுக்க அப்படியில்லை. அந்த நூலகக் கதவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று துறவிகளிடம், மற்றது நகர மன்றத்திடம். பாணனுக்குக் கொடுத்த யானைக்கு ஊர்க்காரரிடம் ஒரு சாவி இருந்ததா?

த.:
யானை என்றதும் நினைவு வந்தது. அந்த நூலக வாயிலிலேயே யானை உண்டு, 'இந்திய யானை கொசுவுக்கு அஞ்சாது' என்ற லத்தீன் வாசகத்தோடு. மலடெஸ்டா குடும்பச் சின்னம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நுளம்பு என்போம். கொசு எங்களுக்கு வேறு.

மு.:
த. அவர்களே, கொசுவுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஜா.:
கத்தோலிக்கர் வழக்கில் 'துறவற இல்லம்' இருக்கிறதே. புதிதாக ஏன்?

செ.:
அது எல்லாச் சபைக்கும் பொது. வேறுபாடு எங்கே போயிற்று? 'இரவு', 'இரவச்சம்' என்று வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்தார். நமக்கு ஒரு சொல் கூடாதா?

க.:
சரி, நாளை அனுப்ப வேண்டும். முதலில் வரும் இடத்தில் 'இரந்துண்ணும் துறவியர் இல்லம்', பிறகு 'துறவியர் இல்லம்'. நால்வர் சரி என்கிறீர்கள். அப்புறம், 58 மேசைகளில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள். இருக்கையும் சாய்பலகையும் ஒன்றாய்ச் சேர்ந்த மேசை அது. அதற்கும் யாராவது...

செ.:
நான் சரி என்று சொல்லவில்லை. சொற்பட்டியலில் 'இரவலர் பள்ளி'யையும் சேர்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.