டெல்டாவில் ரிசார்ட் வில்லா வாங்கலாமா? என்னென்ன பார்க்கணும்?

குத்தாலம்_வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறைக்கு வந்து தங்கவும், மற்ற நாட்களில் வாடகைக்கு விடவும் ஒரு வீடு வாங்க யோசனை. "இயற்கை நேய ரிசார்ட்" என்று விற்கிற இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறோம். முதலாவது குத்தாலத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில், வாய்க்கால் ஓரம். 5 சென்ட் மனை, 700 சதுர அடி ஓட்டு வீடு, 48 லட்சம். மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வாடகை உத்தரவாதம் என்கிறார்கள். இரண்டாவது தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலிலிருந்து 300 மீட்டர், 55 லட்சம். இரண்டிலும் சோலார், மழைநீர் சேமிப்பு, கழிவுநீர் மறுசுழற்சி, பொது நெல்வயல் எல்லாம் உண்டாம்.

முதல் இடத்துக்குப் பட்டா நகலும் ரெரா (வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பட்டாவில் நன்செய் என்று இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி (இந்தியக் குடியுரிமைதான்) பாதிப் பணம் போட்டுக் கூட்டாக வாங்குவதாகப் பேச்சு. முன்பணம் 10 லட்சம் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடங்கல்_பார்வை:

பட்டா நகலை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீங்க சார். டெல்டாவில் ஒரு நிலம் யாருடையது என்பதற்குப் பட்டா பாதி பதில்தான்.

முதலில் கோயில் நிலமா என்று பாருங்கள். குத்தாலம், மாயவரம் பக்கம் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் ஏராளமான நிலம் உண்டு. எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த) கணக்கெடுப்பில் கோயில் பெயர் விட்டுப்போய்த் தனியார் பெயர் ஏறிய சர்வே எண்கள் பல. அதனால் இன்றைய பட்டாவோடு யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நிலம் யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கு) தாலுகா அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கி ஒப்பிடுங்கள். அறநிலையத் துறை தன் இணையதளத்தில் கோயில் நில விவரங்களை ஏற்றியிருக்கிறது, அங்கேயும் அதே சர்வே எண்ணைத் தேடுங்கள். கோயில் சொத்தை விற்க 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி ஆணையர் அனுமதி வேண்டும். அது இல்லாத விற்பனை எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது.

அடுத்தது குத்தகை. நிலம் மிராசுதார் பெயரில் இருக்கும், உழுதவர் வேறொருவராக இருப்பார். அவர் பெயர் 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏறியிருந்தால், 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி லேசில் வெளியேற்ற முடியாது. வருவாய் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கடைசி சில பசலிகளின் (வருவாய்த் துறை ஆண்டுகள்) அடங்கல் நகல் கேளுங்கள். பயிர் செய்தவர் யார் என்பது அதில் தெரியும். மனையின் மூலையில் பழைய குடிசை ஏதாவது இருந்தால் குடியிருப்பு உரிமையும் (1971 சட்டம்) கிளம்பக்கூடும்.

தாய்ப்பத்திரத்தில் அளவு குழி, மா என்று இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். அந்தக் கணக்கில் மொத்தத்தைக் கூட்டி, விற்கிற மனைகள், சாலை, பொது இடம் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். எப்.எம்.பி. (சர்வே எண்ணின் நில அளவை) வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து தரையில் புல்வெளி இருந்தால் அது புறம்போக்கு, உங்கள் வேலிக்குள் வராது. சாலைக்கும் மனைக்கும் நடுவில் வாய்க்கால் ஓடினால், குறுக்கே போட்ட பாலத்துக்கு நீர்வளத் துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வழியே இல்லை.

நன்செய் என்று இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். நகர் ஊரமைப்பு (டி.டி.சி.பி.) மனைப்பிரிவு ஒப்புதல், வேளாண் இணை இயக்குநரின் தடையின்மைச் சான்று, வெள்ளம் தேங்காது என்ற நீர்வளத் துறைச் சான்று, இந்த மூன்றின் நகலும் இருக்கணும். ஒப்புதல் இல்லாத மனைக்குப் பத்திரப் பதிவு, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் நின்றுபோகும். அதைச் சுற்றிப்போக "விவசாய நிலமாகவே பதிவு பண்ணிக்கலாம்" என்று சொல்வார்கள். உங்கள் தம்பிக்கு அங்கேதான் சிக்கல். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு வாங்கலாம், வணிகக் கட்டடம் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. கூட்டுப் பெயரில் வாங்கினாலும் அதே தடைதான். பணமும் அவருடைய என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக்) கணக்கிலிருந்தோ வங்கி வழியாகவோ வரணும்.

ரெரா எண்ணை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். நடுவில் "லேஅவுட்" என்று இருந்தால் பதிவானது மனைப்பிரிவு மட்டும். வில்லா, கிளப் ஹவுஸ், சுத்திகரிப்பு நிலையம் எதுவும் அதற்குள் வராது. "பில்டிங்" என்று இருந்தால்தான் கட்டடத்துக்கும் பொறுப்பு, ஒப்படைத்த பிறகு 5 வருஷம் கட்டுமானக் குறைக்கும் பொறுப்பு.

களிமண்_பொறியாளர்:

பத்திரத்தை அண்ணன் சொல்லிவிட்டார். நான் மண்ணையும் தண்ணீரையும் சொல்கிறேன். இயற்கை நேயம் என்கிற பேச்சு நிஜமா என்பது அங்கேதான் தெரியும்.

குத்தாலம் பக்கம் வண்டல் களி. சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். சாதாரண அஸ்திவாரம் போட்ட வீட்டில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். பூசி மூடினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப வரும். இந்த மண்ணுக்கு அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் வைத்த தூண். மண் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிற ஆழத்தைத் தாண்டி, பொதுவாக 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறங்கணும். மேலே பிளிந்த் பீமுக்கு (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) அடியில் சிறு இடைவெளி விடணும், இல்லாவிட்டால் ஊதுகிற மண் பீமைத் தூக்கும். மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பைல் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வயலை எத்தனை அடி மேடேற்றினார்கள், எப்போது ஏற்றினார்கள்? 20 முதல் 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் ரோலர் விட்டு இறுக்கணும். லாரியில் கொட்டி நிரவிவிட்டு உடனே கட்டினால் சுவர் நிற்கும், தரை ஓடு இறங்கும். இன்னொன்று: நீங்கள் நாலடி உயர்த்தினால் மேல்வயல் தண்ணீர் எங்கே வடியும்? வடிகாலை அடைத்த மனைப்பிரிவால் பக்கத்துச் சம்பா மூழ்கினால் ஊரே எதிர்த்து நிற்கும், அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். வடிகால் எங்கே தொடங்கி எந்த ஆற்றில் விழுகிறது என்று முழுத் தூரமும் நடந்து பாருங்கள்.

கழிவுநீருக்கு வருகிறேன், எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். 40 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 21,600 லிட்டர். அதில் 80 சதவீதம், ஏறக்குறைய 17,000 லிட்டர் கழிவாக வரும். ஆனால் இது விடுமுறை வீடு. திங்கள் முதல் வெள்ளி வரை நாலு வீட்டில்தான் ஆள் இருக்கும், சனி ஞாயிறில் மொத்தமும் ஒரே நேரத்தில் வரும். காற்றூட்டி நுண்ணுயிர் வளர்க்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தினமும் தீனி வேண்டும். ஐந்து நாள் பட்டினி கிடந்தால் உயிரிகள் செத்துப்போகும், சனிக்கிழமை வருவது சுத்தமாகாமல் அப்படியே வெளியே போகும். செலவை மிச்சம் பிடிக்க மோட்டாரை நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம், நாற்றம் அடிக்கும். இப்படி ஏறி இறங்குகிற அளவுக்குப் பெரிய சமன்படுத்தும் தொட்டி, தடுப்புச் சுவர் வைத்த காற்றில்லாத் தொட்டி, அதன்பிறகு சரளையில் கல்வாழையோ நாணலோ வளர்த்த வடிகட்டிப் படுகை, இதுதான் தாங்கும். மின்சாரச் செலவும் குறைவு.

"செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் போதும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்லா நனைத்த குழியில் தண்ணீர் ஊற்றி, 2.5 செ.மீ. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணுக்கு உறிஞ்சுகுழி ஆகாது. களியில் பெரும்பாலும் அப்படித்தான். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழி நிரம்பிக் கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வரும். அதனால் ஆடி மாதம் போய்ப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய் மூன்றடிக் குழி வெட்டிப் பாருங்கள், எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்று தெரிந்துவிடும். மழைநீரையும் இந்த மண்ணில் குழியில் இறக்குவதைவிடத் தொட்டியில் பிடிப்பதுதான் பிரயோசனம். 65 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழைக்கு 500 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

தரங்கம்பாடி இடத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பொருந்தும். 300 மீட்டரை மணலில் அலை தொடுகிற இடத்திலிருந்து அளக்கக் கூடாது, உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டுகிற உச்சக் கோடு) அளக்கணும். ஊரகக் கடற்கரையில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கிடையாது. 200 முதல் 500 மீட்டர் வரை விடுதி கட்டக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் வழியாக அனுமதி வாங்கலாம். அந்த அனுமதி விடுதிக்கா, தனித்தனியாக விற்கும் வீட்டுக்கா என்று ஆணையை வரிவரியாகப் படியுங்கள். பக்கத்தில் உப்பங்கழி இருந்தால் அதன் கரையிலிருந்தும் தள்ளிக் கட்ட வேண்டிய தூரம் தனியாக உண்டு.

அங்கே கட்டுமானமும் வேறு. உப்புக் காற்றுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) சொல்வது எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு. வழக்கமான எம்20-ஐ 20 மி.மீ. மூடாக்கோடு போட்டால் சில வருஷத்திலேயே கம்பி துருப்பிடித்து கூரை அடிப்பக்கம் உதிரும். கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்ததா, பரிசோதனைச் சீட்டு கேளுங்கள். 2018 கஜா புயல் வந்த பிரதேசம் இது. ஓட்டுக் கூரை என்றால் ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டியிருக்கணும், சோலார் தாங்கிகளை வெறும் எடைக்கல்லில் நிறுத்தாமல் கான்கிரீட்டோடு போல்ட் போட்டிருக்கணும்.

குத்தாலம்_வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி சார். இந்த விவரத்துக்கு அப்புறம் கடற்கரை இடத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறோம். அந்த 8 சதவீத உத்தரவாதத்தை நம்பலாமா? முன்பணம் 10 லட்சம் கொடுக்கலாமா?

வாடகைக்_கணக்கு:

48 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 3,84,000. ஒரு இரவுக்கு 4,000 வாடகை, நிர்வாகம் 40 சதவீதம் எடுக்கிறது என்று வைத்தால் உங்களுக்கு 2,400. அப்போ 160 இரவு நிரம்பணும். வருஷத்தின் எல்லாச் சனி ஞாயிறையும் கூட்டினாலே 104 இரவுதான். திருக்கடையூர் மணிவிழா, சதாபிஷேகக் குடும்பங்கள், நவக்கிரகக் கோயில் சுற்றுபவர்கள், ஆவணியில் வேளாங்கண்ணி என்று கூட்டம் உண்டு. 2028-இல் கும்பகோணம் மகாமகம் வருகிறது. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் வார நாட்களில் யார் வருவார்?

அதனால் உத்தரவாதப் பணம் பெரும்பாலும் உங்கள் விலைக்குள்ளேயே ஏற்றி வைத்ததாகத்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு 11.52 லட்சம். "உத்தரவாதம் வேண்டாம், என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து லட்சம் குறைத்தால் விடை அதுதான். பலர் பணத்தைத் திரட்டி, நிர்வாகம் வாங்கியவர் கையில் இல்லாமல் லாபம் தருகிற ஏற்பாடு செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) சட்டம் 11ஏஏ பிரிவில் கூட்டு முதலீட்டுத் திட்டமாகக் கருதப்படலாம், அதற்கு செபி பதிவு வேண்டும். அதையும் எழுத்தில் கேளுங்கள்.

மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டணப் பிரிவில்? நிறுவனத்தின் பெயரில் வணிக இணைப்பு என்றால், 3 கிலோவாட் வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் கிடைக்காது. பொது நெல்வயல் யார் பெயரில் பத்திரமாகிறது என்பதையும் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால் நாளைக்கு அதையும் மனையாக்கி விற்கலாம், உங்களால் தடுக்க முடியாது.

அடங்கல்_பார்வை:

முன்பணம் பற்றி: ரெரா சட்டம் 13-ஆவது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 48 லட்சத்துக்கு 4.8 லட்சம்தான் உச்சம். 10 லட்சம் கேட்கும்போதே பதிவுசெய்த ஒப்பந்தம் கேளுங்கள். திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் மட்டும் காசோலையோ வங்கி மாற்றமோ போடுங்கள். வாங்குபவர் தொகையில் 70 சதவீதம் அந்தக் கணக்கில்தான் இருக்கணும். வேறு கணக்கு எண் தந்தால் நிறுத்திவிடுங்கள்.

பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு எடுங்கள். முன்பணம் கொடுக்கிற அன்று காலையிலும், பத்திரம் பதிகிற அன்று காலையிலும் மறுபடி எடுங்கள். நடுவில் அடமானமோ இன்னொரு ஒப்பந்தமோ ஏறியிருந்தால் அதில் தெரியும். பதிவானதும் உட்பிரிவுப் பட்டாவுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவாக விட்டால் பிறகு விற்கும்போது மற்ற மனைக்காரர்கள் எல்லாரிடமும் போய் நிற்க வேண்டிவரும்.