டக்ட், ரிட்டர்ன் ஏர்: தமிழ்ல என்ன போடலாம்? (திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும்)

ராமநாதபுரம் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சுவர்ல மாட்டுற ஏசிக்கு ரூம்ல காத்து எப்படிப் போகணும், எப்படித் திரும்பி வரணும்னு ஐடிஐ பசங்களுக்கு ஒரு கையேடு போடுறோம், மத்ததெல்லாம் முடிஞ்சுது, ரெண்டு சொல்லுல நிக்கிது. ஒண்ணு டக்ட், அதாவது காத்தைக் கொண்டுபோற தகரப் பாதை. இன்னொண்ணு ரிட்டர்ன் ஏர், ரூமைச் சுத்திட்டு ஏசிக்கே திரும்பி வர்ற காத்து. 'காற்றுக் குழாய்'னு போட்டுக் குடுத்தா பையன் நேரா செம்புக் குழாயைக் கைகாட்டுறான். கேஸ் போறதும் குழாய், தண்ணி வடியிறதும் குழாய், மூணாவதா தகரத்துல அடிச்ச சதுரப் பெட்டியையும் குழாய்னா அவன் என்ன பண்ணுவான்? பாடத்துல வர்ற வாக்கியம் இதுதான்: "டக்ட் வழியாக அடுத்த அறைக்குக் காற்றைக் கொண்டுபோனால் ரிட்டர்ன் ஏருக்கும் வழி விட வேண்டும்." இதை முழுசாத் தமிழ்ல சொல்லிக் குடுங்க.

பரமக்குடி ஐயா எழுதியது:

அம்மா, புதுசா எதுவும் பண்ண வேண்டியதே இல்ல. சிலப்பதிகாரம் இந்திரவிழா காதையில 'மான்கட் காலதர் மாளிகை'னு வருது. கால்னா காத்து, அதர்னா வழி. காத்துக்கு வழி காலதர், முடிஞ்சுது. அங்க அது மான் கண்ணு மாதிரி ஓட்டை வச்ச சன்னல்தான், ஒத்துக்கிறேன், ஆனா சன்னலுக்கு இப்ப சன்னல்னே சொல்லு இருக்கு, காலதர் சும்மாதானே கிடக்கு. ரிட்டர்ன் ஏருக்கு மறுகால், கண்மாய் நெறஞ்சு மிஞ்சுற தண்ணி போற வழிக்குச் சொல்ற அதே சொல்லு. கால்ங்கிறது காத்தும்தான், வாய்க்கால்ல வர்ற மாதிரி ஓடுற வழியும்தான், ரெண்டு பொருளும் ஒரே சொல்லுல வந்து உக்காருது பாருங்க. கண்மாய் ஜில்லாவுல மறுகால் தெரியாத பையன் உண்டா?

மண்டபம் பயாலஜி சார் எழுதியது:

ஐயா சொன்னது அழகா இருக்கு, ஆனா பசங்க ஏற்கெனவே பரீட்சையில எழுதின சொல்லு ஒண்ணு இருக்கே. நாளமில்லாச் சுரப்பி. அதுல டக்ட்டுக்கு நாளம்னுதானே போட்டிருக்கோம். அப்ப காற்றுநாளம்னு வச்சா போதும். சுவர் ஏசியை டக்ட்லெஸ்னு சொல்றாங்கல்ல, அது நாளமில்லா ஏசி. ஒரு சொல்லுல ரெண்டு வேலையும் முடியிது.

ராமேஸ்வரம் அண்ணன் எழுதியது:

காத்துன்னு போட்டா பேச்சு வழக்கு, காற்றுன்னு போட்டா கூட்டுச்சொல்லுல நாக்கு புரளாது. வளின்னு வச்சுக்கலாமே, நமக்கு எதுத்த கரையில இலங்கைத் தமிழ்ல ஏசியையே வளிச்சீராக்கின்னுதான் சொல்றாங்க. வளித்தூம்பு எப்படி? தூம்புன்னா உள்ள ஓட்டையா இருக்கிற நீட்டுப் பொருள், மதகுக்கும் அந்தப் பேரு உண்டு. மலைபடுகடாம்ல 'களிற்று உயிர்த் தூம்பு'ன்னு ஒரு வாத்தியம், யானை மூச்சு விடுற மாதிரி சத்தம் போடும். மூச்சு போற பாதைக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?

பரமக்குடி ஐயா எழுதியது:

தூம்பு நல்ல சொல்லு. ஆனா வளியை இஷ்டத்துக்குப் புணர்த்த முடியாது தம்பி. தொல்காப்பியம் உயிர்மயங்கியல்ல 'வளியென வரூஉம் பூதக் கிளவி'க்குத் தனியா ஒரு நூற்பாவே இருக்கு, பனிக்குச் சொன்ன மாதிரியே 'அத்து', 'இன்' ரெண்டும் சாரியையா, அதாவது ரெண்டு சொல்லுக்கு நடுவுல சேர்ற அசையா வரும். அந்தக் கணக்குல பாத்தா வளியத்துத் தூம்புன்னு வருமா, வளியின் தூம்புன்னு வருமான்னு முதல்ல முடிவு பண்ணணும்.

ராமேஸ்வரம் அண்ணன் எழுதியது:

வளிமண்டலத்துல சாரியை எங்க இருக்கு ஐயா? புறநானூத்துல 'வளி தொழில் ஆண்ட உரவோன்'னு கரிகாலனோட முன்னோனைப் பாடுன எடத்துலயும் வளி வெறுசாத்தான் நிக்கிது.

தங்கச்சிமடம் மெக்கானிக் எழுதியது:

பெரியவங்க மன்னிக்கணும், சொல்லு எதுவா இருந்தாலும் சரி, டீச்சர் அந்த வாக்கியத்துக்கு முன்னாடி இன்னொரு வாக்கியம் போடணும். சுவர் ஏசிக்குள்ள இருக்கிறது நீட்டு உருளை ஃபேன், மேல கிரில்ல காத்தை இழுத்துக் கீழ லூவர்ல (காத்தைத் திருப்பி விடுற தகடு) தள்ளும், தொறந்த ரூமுக்குள்ள தள்ளுறதுக்குத்தான் அதுக்கு வலு, டக்ட்டுக்குள்ள இருக்கிற தடையைத் தாண்டித் தள்ளாது. அது வாயில டக்ட்டைக் கொண்டுபோய் மாட்டினா காத்து குறைஞ்சு காயில்ல (உள்ள குளுருற குழாய்ச் சுருள்) ஐஸ் கட்டும். அடுத்த ரூமுக்கும் வேணும்னா நடுச்சுவர்ல தனியா ஒரு ஃபேன் வைக்கணும், இல்லைன்னா ஆரம்பத்துலயே டக்ட்டுக்குன்னு இருக்கிற யூனிட்டை வாங்கணும், அதுக்கு ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்கு சுமார் 400 கன அடி காத்துன்னு கணக்குப் போட்டு டக்ட் அடிப்பாங்க. நம்ம கடக்கரை ஈரக்காத்துக்கு அந்தத் தகரத்துமேல இன்சுலேசன் சுத்தலைன்னா வேர்த்துக் கொட்டும், உப்புக்கு சீக்கிரம் துருவும் ஏறும்.

ரிட்டர்னைத்தான் யாரும் கண்டுக்கிறதே இல்ல. உச்சிப்புளி பக்கம் ஒரு வீட்ல அழகுக்குன்னு ஏசியைச் சுத்திப் பலகையில பெட்டி அடிச்சு மேல ரெண்டு விரக்கடைதான் விட்டிருந்தாங்க. கீழ வர்ற குளிர்க்காத்து முன்பலகையில முட்டி அப்படியே மேல ஏறி மறுபடி உள்ள போயிருது. சென்சார் இருக்கிறதும் அந்த இழுக்கிற எடத்துலதான், அது ரூமு குளுந்துருச்சுன்னு நினைச்சு கம்ப்ரசரை நிறுத்திரும், அந்தக் கோடியில கட்டில்ல படுத்திருக்கிற அம்மாவுக்கு வேர்க்குது. கேஸ் இல்லைன்னு ரெண்டு பேரு வந்து கேஸ் அடிச்சுட்டுப் போயிருக்காங்க. முன்பலகையையும் மேல்பலகையையும் கழட்டி, யூனிட்டைக் கொஞ்சம் எறக்கி, மேல 15 செ.மீ. இடம் விட்டு மாட்டினேன், சரியாப்போச்சு. இதுக்கு ஒரு பேரு இருந்தா பசங்க மறக்க மாட்டாங்க.

கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி சொல்றதுதான் சரி. துபாய்ல டக்ட் வேலை பாத்தவன் நான், டக்ட்டை விட ரிட்டர்ன் கிரில்லுக்குத்தான் அங்க சண்டையே நடக்கும். பக்கத்து ரூமுக்கு ஃபேன் வச்சுத் தள்ளிட்டு கதவை இறுக்கிச் சாத்திட்டா காத்து எங்க போகும்? கதவுக்கு அடியில ஒரு இஞ்சு விடணும், இல்லைன்னா கதவுக்கு மேல கிரில் வைக்கணும்.

அதனாலதான் ஐயாவோட மறுகால் எனக்கு ஒத்து வரல. மறுகால் போன தண்ணி திரும்பி வருமா? அது அடுத்த கண்மாய்க்கோ கடலுக்கோ போயிரும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் 'நாரை பறக்காத 48 மடை'ன்னு பேரு வாங்கின பெரிய கண்மாய், அதுல மறுகால் பாஞ்சா பாஞ்சதுதான். பையன் மறுகால்னு படிச்சா காத்தை வெளிய விடச் சொல்றாங்கன்னு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிருவான், குளிர் பூரா வெளிய போயிரும். இந்த ஒரு சொல்லு மட்டும் வேண்டாம், கேட்டுக்கிறேன். திரும்புகாத்துன்னு வைங்க.

மண்டபம் பயாலஜி சார் எழுதியது:

காக்கா சொன்னது நியாயம். மெக்கானிக் தம்பி கேட்டதுக்கு குறுஞ்சுற்றுன்னு வைக்கலாம், காத்து ரூமைச் சுத்தாம ஏசியையே சுத்திட்டு உள்ள போயிருதுல்ல.

ராமநாதபுரம் டீச்சர் எழுதியது:

நேத்து வகுப்புல எல்லாத்தையும் போர்டுல எழுதிக் கேட்டேன். குறுஞ்சுற்று உடனே புடிச்சுக்கிட்டாங்க. திரும்புகாற்றும் அப்படித்தான். காலதரைக் காலாதாரம்னு படிச்சான் ஒருத்தன், வளித்தூம்பை யாரும் தொடல. நாளம்னதும் ரத்தநாளமான்னு கேட்டாங்க, ஆனா சொன்னப்புறம் மறக்கல. அதனால கையேட்டுல முதல் தடவை 'டக்ட் எனும் காற்றுநாளம்', அப்புறம் டக்ட்னே போகுது. மெக்கானிக் தம்பி சொன்ன ஃபேன் விஷயம் முதல் பக்கத்துலயே கட்டம் கட்டி வருது. ஐயா கோவிச்சுக்கக் கூடாது.

பரமக்குடி ஐயா எழுதியது:

கோவமில்லம்மா. மறுகாலை விட்டுட்டேன், காக்கா சொன்ன காரணம் சரியான காரணம். திரும்புகாற்று நல்ல வினைத்தொகை, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா டகரம் தமிழ்ல மொழிக்கு முதல்ல வராது, 'டக்ட்'னு ஒரு தலைப்பைப் பாடப்புத்தகத்துல அச்சடிக்கிறதுக்கு நான் சம்மதிக்கல. பையன் காலாதாரம்னு தப்பாப் படிச்சா திருத்திச் சொல்லிக்குடுங்க, நாளத்துக்கும் சொல்லித்தானே குடுத்தீங்க. அடுத்த பதிப்புக்குக் காலதரை மறுபடி கொண்டு வருவேன்.

ராமேஸ்வரம் அண்ணன் எழுதியது:

தூம்பையும் சேத்துக்கங்க.