மறு: முடுக்கியிழை – 'இடப்பெயர்ச்சி'யா, 'பிடிநழுவலா'?

வணக்கம் ஐயா,

இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பியான 'லீட்'டுக்கும், அது விலகுவதற்கும் நீங்கள் இப்படித் தமிழ்ச்சொல் எழுதியிருந்தீர்கள்:

> லீட் = மின்னிழை. அது விலகுவது = இழை இடப்பெயர்ச்சி.

'மின்னிழை' பல்புக்குள் ஒளிரும் கம்பிக்குப் பழகிவிட்ட சொல். முதலில் 'தூண்டிழை' என்று நினைத்தேன். ஆனால் தூண்டுவது மட்டும் அதன் வேலையில்லை. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்துக் கருவிக்குச் சொல்வதும் அதே கம்பிதான். இதயமுடுக்கியின் இழை, 'முடுக்கியிழை', போதும்.

என் கவலை 'இடப்பெயர்ச்சி' பற்றித்தான். போன வருடம் என் அத்தைக்கு இதயமுடுக்கி வைத்தார்கள். நாலாம் நாள் விடாத விக்கல், அப்புறம் தலைச்சுற்றல். வலது கீழறையில் பொருத்திய இழையின் நுனி நகர்ந்து உதரவிதானத்தைத் தூண்டியிருக்கிறது. தாளில் 'லீட் இடப்பெயர்ச்சி' என்று எழுதித் தந்தார்கள். "பெட்டி உள்ளே எங்கேயோ போயிடுச்சா?" என்று அத்தை பயந்துவிட்டார்.

நடப்பது வேறு. நுனி திருகாணி போலச் சுவருக்குள் இறங்கியிருக்கும், இல்லையென்றால் அதன் சிறு கொக்கிகள் தசை மேடுகளுக்கிடையே சிக்கியிருக்கும். முதல் சில வாரங்கள் அந்தப் பிடி உறுதிப்பட்டிருக்காது. கருவி வைத்த பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள் என்பது அதனால்தான். பிடி விட்டால் துடிப்புத் தவறும், மயக்கம் வரும். அரிதாக நுனி சுவரைத் துளைத்து, இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சிலருக்கு எக்ஸ்ரேயில் நுனி அதே இடத்தில்தான் தெரியும். ஆனால் இதயத்தைத் தூண்டத் தேவையான மின்னழுத்தம் கூடிவிட்டிருக்கும். இடமே மாறாதது போலத் தெரிவதை 'இடப்பெயர்ச்சி' என்று எப்படிச் சொல்வது? 'பிடிநழுவல்' இரண்டுக்கும் பொருந்தும். எக்ஸ்ரேயில் தெரியாததை 'நுண்பிடிநழுவல்' எனலாம்.

1968-இல் கனடா மருத்துவர்கள் விவரித்த இன்னொன்றும் இருக்கிறது. நோயாளி தோலுக்கடியில் உள்ள கருவியைத் தன்னையறியாமல் திருப்பிக்கொண்டே இருப்பார். இழை முறுக்கேறி மேலே இழுபட்டு, பிடி விட்டுவிடும். இதைக் 'கருவித் திருகல்' என்று சொல்லலாம். பிடிநழுவலுக்கு அது ஒரு காரணம் என்பதால் தனிச்சொல் அவசியம்.

ஒரு சிக்கல். 'கேப்சர்' என்பதற்கு முன்பு 'பிடிப்பு' என்று எழுதியிருந்தீர்கள். 'பிடிநழுவல்' அதோடு மோதும். தூண்டலை இதயம் ஏற்றுத் துடிப்பதை 'ஏற்பு' என்றும், துடிக்காததை 'ஏற்பின்மை' என்றும் வைத்துக்கொள்வோமா? 'பிடிநழுவலால் ஏற்பின்மை' என்று குறிப்பில் எழுதினால் வார்டில் இருக்கும் செவிலியருக்குச் சட்டென்று புரியுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள் ஐயா.