புதுப்பிப்பு: நெல்லி பியூசெலின் குடும்பம்

1856-இல் கைவண்டி இழுத்தபடி அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போன இங்கிலாந்து மார்மன்களைப் (மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள்) பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒரு குடும்பத்தையாவது முழுதாகச் சொல்லச் சொன்னீர்கள். இங்கிலாந்தில் செஷயர் பக்கத்து பியூசெல் குடும்பத்தைச் சொல்கிறேன்.

இந்தப் பயணங்களைத் தேடுவோருக்குக் கப்பல் பட்டியல்தான் முதல் பிடி. பெயரும் வயதும் அதில் கிடைக்கும். பியூசெல் குடும்பத்தார் மே மாதம் லிவர்பூலில் 'ஹொரைசன்' கப்பல் ஏறி, பாஸ்டனில் இறங்கி, ரயிலில் அயோவா சிட்டி சேர்ந்தார்கள். அப்புறம் நடைதான். வண்டிகள் சரியாகக் காயாத மரத்தில் செய்தவை, வழியெல்லாம் பழுது. ஆளுக்குச் சுமார் 8 கிலோ சுமைதான் அனுமதி. புறப்பட்டதே தாமதம், அதுதான் உயிரைக் குடித்தது என்பேன்.

அக்டோபர் 19 அன்று வழியில் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. நடக்க முடியாத மனைவியை வண்டியில் வைத்து இழுத்த அப்பா சாமுவேல் ஆற்றில் வழுக்கி நனைந்தார். குளிரிலும் பசியிலும் இறந்தார். சில நாள்களில் அம்மா மார்கரெட்டும் போய்விட்டார். மிஞ்சியது மகள்கள் 14 வயது மேகியும் 9 வயது நெல்லியும். யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில், மயக்க மருந்தே இல்லாமல், நெல்லியின் உறைந்துபோன இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

நெல்லி பிற்பாடு சீடர் சிட்டியில் மணமாகி ஆறு பிள்ளைகளை வளர்த்தார். வீட்டுத் தரையை முழங்காலிலேயே நகர்ந்து தேய்த்துக் கழுவுவாராம். 1915-இல் காலமானார். சதர்ன் யூட்டா பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.