விடுவிப்பா, அனுப்பிவைப்பா? தேசிய அணிக்குச் செல்லும் இளம் வீரர்களுக்காக ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். உலக இளையோர் ஐஸ் ஹாக்கி பற்றிய என் கட்டுரையில், ஒரு கழகம் (கிளப்) தன் வீரரைத் தேசிய அணிக்கு ஆட அனுப்புவதை 'விடுவிப்பு' என்று எழுதியிருந்தேன். அது சரிதான் என்று இரண்டு பேரும், தவறு என்று ஒருவரும் மடல் எழுதியிருந்தீர்கள். தவறு என்றவர் பக்கம் நானும் சேர்ந்துவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மகன் ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். விடிகாலை ஐந்தரை மணிக்கு அரங்கின் சில்லிட்ட பெஞ்சில், மடியில் போர்வையும் கையில் தேநீர்க் குடுவையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் அவரும் ஒருவர். ஆட்டத்தின் விதிகளை என்னைவிட நன்றாக அறிந்தவர். என் கட்டுரையில் அவர் படித்த வரி இது: "2022 டிசம்பரில் அரிசோனா கழகம் டிலன் கெந்தரை விடுவித்தது, அவர் கனடாவின் இளையோர் அணியில் சேர்ந்தார்." படித்துவிட்டு என்னை அழைத்தார். "தம்பி, அந்தப் பிள்ளை நன்றாகத்தானே ஆடினான், ஏன் கழற்றிவிட்டார்கள்?"

கழற்றிவிடவில்லை. நாட்டுக்காக ஆடிவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். 2023 ஜனவரி 5 அன்று ஹாலிஃபாக்ஸில் செக் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் அதே கெந்தர்தான். அவருக்குக் கிடைத்த பெருமையை என் ஒரு சொல் தண்டனையாக மாற்றிவிட்டது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஐபிஎல் ஏலத்துக்கு முன் நம் செய்தித்தாள்களில் 'தக்கவைக்கப்பட்ட வீரர்கள், விடுவிக்கப்பட்ட வீரர்கள்' என்று பட்டியல் வருகிறது. விளையாட்டுப் பக்கத்தில் 'விடுவிப்பு' என்றால் 'நீ இனி வேண்டாம்' என்று பொருள். அந்தப் பொருள் ஆழமாக ஊன்றிவிட்டது. அதே சொல்லை நேர் எதிரான செயலுக்கும் வைத்துக்கொண்டு, சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று வாசகரிடம் கேட்பது நியாயமில்லை.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி நடக்கிறது. அது கழகங்களின் பருவத்துக்கு நட்டநடுவில் வருகிறது. பயிற்சி முகாமையும் சேர்த்தால் ஒரு கழகம் தன் மிகச் சிறந்த பதினெட்டு, பத்தொன்பது வயது ஆட்டக்காரரை மூன்று வாரங்களுக்குக் குறையாமல் இழந்து நிற்கும். அதுவும் விடுமுறைக் காலத்தில், குடும்பம் குடும்பமாக மக்கள் அரங்குக்கு வரும் நாள்களில்.

1982க்கு முன் கனடா இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. பெரும்பாலும், பல கழகங்களிலிருந்து வீரர்களைத் திரட்டாமல், வாகை சூடிய இளையோர் கழகம் ஒன்றையே நாட்டின் பெயரில் அனுப்பியது. 1981இல் மேற்கு ஜெர்மனிக்குப் போன கார்ன்வால் ராயல்ஸ் கழகம் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. அடுத்த ஆண்டு, கழகங்கள் தங்கள் சிறந்த பிள்ளைகளைத் தேசிய அணிக்குத் தரும் ஏற்பாடு உருவானது. அந்த முதல் ஆண்டிலேயே தங்கம் கிடைத்தது. மினசோட்டாவின் ரோசெஸ்டர் நகரில் பரிசளிப்பின்போது கனடிய தேசிய கீதத்தின் ஒலிப்பதிவு இல்லை. ஆட்டக்காரர்களே தோளோடு தோள் நின்று பாடினார்கள். ஒரு பருவத்துக்கு முன்வரை ஒருவரையொருவர் எதிரணியாக மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் அவர்கள். நாம் பெயர் தேடும் செயலின் விளைவை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய காட்சி வேறு இல்லை.

ஆனால் வீரரைத் தந்தாக வேண்டும் என்ற கடப்பாடு எல்லாக் கழகங்களுக்கும் இல்லை. கனடிய ஆட்டக்காரர் கானர் பெடார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் அவர் ரெஜைனா பேட்ஸ் என்ற இளையோர் கழகத்தில் இருந்தார். உலகப் போட்டிக்குச் சென்று ஏழு ஆட்டங்களில் 23 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்து) எடுத்தார். ஓராண்டு கழிந்தது. வயது தகுதி அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அவர் வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்எச்எல்லின் சிகாகோ கழகத்தில். சிகாகோ அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இளையோர் லீக் கழகம் அந்த ஏற்பாட்டின்படி தருகிறது. என்எச்எல் கழகம் மனம் வைத்தால் தருகிறது. ஆகவே நமக்கு வேண்டியது ஒரே சொல் அல்ல. செயலுக்கு ஒன்று, அந்தச் செயலைக் கட்டாயமாக்கும் விதிக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

இனி, குழுமத்தில் வந்த பரிந்துரைகள்.

'பணிவிடுவிப்பு' என்றார் ஒரு நண்பர். அரசு அலுவலகங்களில் புழங்கும் சொல், பழுதில்லை. ஆனால் பணிவிடுவிப்பு ஆணையை வாங்கியவர் மேசையைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறார். 'விடுவிப்பு' உள்ளே இருக்கும்வரை ஐபிஎல் வாடையும் போகாது.

'அயற்பணி' என்பது கூர்மையான யோசனை. அயற்பணிக்குச் செல்லும் ஊழியருக்குத் தாய்த்துறையில் இடம் காத்திருக்கும். அந்த நுட்பம் நம் பொருளோடு ஒத்துப்போகிறது. இரண்டு நாள் அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்றிருந்தேன். 'அயல்' என்ற முதற்சொல்தான் தடுத்தது. பின்லாந்திலிருந்து பதினேழு வயதில் கனடாவுக்கு வந்து, முன்பின் தெரியாத குடும்பத்தின் வீட்டில் தங்கி இளையோர் லீக்கில் ஆடும் பையனை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் அவன் பின்லாந்து அணியில் சேரும்போது தன் மொழி பேசுபவர்களிடம் போகிறான். அதைப் போய் அயல் என்று எப்படி எழுதுவது?

'இரவல்' வேண்டாம். கால்பந்தில் ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்கு ஒரு பருவம் வீரரைக் கொடுப்பதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. நாடு தன் பிள்ளையை இரவல் வாங்குகிறது என்பதும் எனக்கு ஒப்பவில்லை.

என் பரிந்துரை: 'அனுப்பிவைப்பு'.

தமிழில் துணைவினை செய்யும் வேலையை நாம் கலைச்சொல்லாக்கத்தில் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 'அனுப்பிவிட்டார்கள்' என்றால் கையைக் கழுவியதும் அதில் அடங்கும். 'அனுப்பிவைத்தார்கள்' என்றால் பஸ் நிலையம் வரை வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் சொல் என்று ஜன்னலோரம் நின்றவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அனுப்பியவருக்கும் போனவருக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. 'விடு' செய்யாததை 'வை' செய்கிறது.

பெயர்ச்சொல் வடிவம் செயற்கையாக இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். 'ஒத்திவைப்பு' நாள்தோறும் செய்தியில் வருகிறது. 'தக்கவைப்பு' ஐபிஎல் செய்திகளிலேயே வருகிறது. ஒத்திவைக்கப்பட்ட ஆட்டம் பின்னொரு நாள் நடப்பதுபோல, அனுப்பிவைக்கப்பட்டவர் பின்னொரு நாள் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பும் காதில் விழுகிறது.

இந்தத் திரும்புதல் வெறும் உணர்ச்சி அல்ல, விதியிலேயே இருப்பது. கால்பந்தில் ஃபிஃபா விதிப்படி, தேசியப் பணி முடிந்த வீரர் 24 மணி நேரத்துக்குள் கழகத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் வேறு கண்டக் கூட்டமைப்பின் பகுதியில் நடந்திருந்தால் 48 மணி நேரம்.

விதிக்கு 'அனுப்பிவைப்புக் கடப்பாடு' என்று வைக்கலாம். 'கடமை' என்றால் மனச்சாட்சி சார்ந்ததாகவும் கொள்ள இடமுண்டு. 'கடப்பாடு' ஒப்பந்தத்தாலும் விதியாலும் கட்டுவது. இந்த வேறுபாடு வெறும் சொல் நுணுக்கம் இல்லை என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சான்று. விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம், மெஸ்ஸியை அனுப்பும் கடப்பாடு பார்சிலோனாவுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பில் வென்ற பிறகும் கழகம் அவரை ஆட விட்டது. அர்ஜென்டினா தங்கம் வென்றது. அங்கே அனுப்பிவைப்பு இருந்தது, அனுப்பிவைப்புக் கடப்பாடு இல்லை. தமிழில் இதை ஒரே வரியில் எழுத இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன.

கழகம் வீரரைத் தந்தாக வேண்டிய நாள்களுக்கு 'அனுப்பிவைப்புக் காலம்' போதும் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் வரும் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின்போது கனடிய இளையோர் லீக்குகளில் வெளியேற்றச் சுற்று நடந்துகொண்டிருக்கும். தோற்று வெளியேறிய கழகங்களின் பிள்ளைகள்தான் போகிறார்கள். 'அந்தப் போட்டி அனுப்பிவைப்புக் காலத்துக்கு வெளியே வருகிறது' என்று எழுதினால் அக்காவுக்குப் புரியும். அவரிடமே படித்துக் காட்டினேன். கெந்தர் வரியையும் திருத்திக் காட்டினேன்: "அரிசோனா கழகம் டிலன் கெந்தரைக் கனடாவின் இளையோர் அணிக்கு அனுப்பிவைத்தது." ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இப்படி முதலிலேயே எழுதியிருக்கலாமே" என்றார்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. போட்டி நடுவில் வீரர் காயமுற்றாலோ கழகத்துக்குத் தேவை வந்தாலோ அவரைத் திரும்ப வரவழைப்பதற்கு 'மீளழைப்பு' என்று எழுதிவைத்திருக்கிறேன். பழுதான கார்களை நிறுவனங்கள் திரும்பப் பெறுவதற்கும் இச்சொல்லைச் சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அதே மாதிரிக் குழப்பத்தில் விழ விருப்பமில்லை. 'திருப்பியழைப்பு' பொருந்துமா? இலங்கை வழக்கில் வேறு சொல் இருந்தால் யாழ்ப்பாண, மட்டக்களப்பு நண்பர்கள் தெரிவியுங்கள். திருத்திய கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து